நீதிபதியின் அறைக்குச் செல்லும் வழி: அமெரிக்கச் சட்ட உதவியாளர் பணியும் போதிய இடம் பெறாத மாணவர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டப் படிப்பை முடிப்போருள் மிகச் சிலர், வழக்கறிஞர் தொழிலிலோ அரசுப் பணியிலோ நிலைகொள்வதற்கு முன், ஓராண்டோ ஈராண்டோ ஒரு நீதிபதியின் அறையில் அவருடைய சட்ட உதவியாளராகப் பணிபுரிகின்றனர். அங்கே ‘லா கிளார்க்’ எனப்படும் இவ்வுதவியாளருக்கும், தமிழக நீதிமன்ற வளாகங்களில் கட்டுகளைச் சுமந்து வாய்தா தேதிகளைக் குறித்துவைக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் தொடர்பில்லை. இருதரப்பு வாதவுரைகளையும் படித்து, முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்து, விசாரணைக்கு முன் வழக்கின் சாரத்தையும் அதன் சிக்கல்களையும் நீதிபதிக்குக் குறிப்பாக எழுதித் தந்து, பல அறைகளில் தீர்ப்பின் முதல் வரைவையே எழுதுபவர் இவர். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நால்வரையும், அதற்கடுத்த படியிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதிகள் பெரும்பாலும் மூவர் அல்லது நால்வரையும், முதல்நிலை விசாரணையை நடத்தும் கூட்டாட்சி மாவட்ட நீதிபதிகள் இருவர் அல்லது மூவரையும் அமர்த்திக்கொள்கின்றனர். ஆண்டுதோறும் சட்டப் பட்டம் பெறும் ஏறத்தாழ 35,000 பேரில் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இவ்வாய்ப்பைப் பெறுவோர் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வரே.

எண்ணிக்கையில் சிறிய இப்பணி, அந்நாட்டின் சட்ட உலகில் யார் மேலே செல்வர் என்பதைத் தீர்மானிப்பதில் வகிக்கும் இடம் மிகப் பெரிது. இன்றைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுள் ராபர்ட்ஸ், கேகன், கோர்சச், கவனா, பாரெட், ஜாக்சன் ஆகிய அறுவர் இளமையில் அதே நீதிமன்றத்தில் சட்ட உதவியாளர்களாக இருந்தவர்கள். அலிட்டோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் அப்பணியைச் செய்தவர். எந்த நீதிபதியின் அறையிலும் பணிபுரியாமல் அவ்விருக்கையை அடைந்தவர்கள் தாமஸ், சோடோமயோர் இருவர் மட்டுமே. அவ்விருவருள் ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிதன்று. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், பூர்வகுடிகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெயர்பெறாத கல்லூரிகளில் படித்தோர் ஆகியோர் இப்பணியில் ஏன் இவ்வளவு குறைவு என்ற வினாவுக்கு, விண்ணப்பதாரரின் தகுதியை மட்டுமோ நீதிபதியின் மனச்சாய்வை மட்டுமோ காரணம் காட்டும் விடைகள் போதா. இப்பணி தோன்றிய நாள்முதல் ஒருவருக்காக மற்றொருவர் சொல்லும் நல்வாக்கின் மேல் கட்டப்பட்டது. அந்த வாக்கைச் சொல்ல ஆள் இல்லாதவர் விண்ணப்பிக்கும் முன்பே பின்தங்கிவிடுகிறார் என்பதே சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கையில் தெளிவாகும் உண்மை.

மாசசூசெட்ஸ் மாநில உயர் நீதித்துறை மன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஹோரஸ் கிரே, 1875இல் தம் சொந்தச் செலவில் ஹார்வர்டில் படித்த இளைஞர் ஒருவரை உதவிக்கு அமர்த்திக்கொண்டதிலிருந்து இம்முறை தொடங்குகிறது. அவ்விளைஞர்களைத் தெரிந்தெடுத்து அனுப்பியவர், ஹார்வர்டில் சட்டம் கற்பித்துவந்த அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜான் சிப்மன் கிரே. 1882இல் ஹோரஸ் கிரே உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. 1886இல் ஒவ்வொரு நீதிபதிக்கும் ஓர் உதவியாளரை அமர்த்த ஆண்டுக்கு 1,600 டாலரை நாடாளுமன்றம் ஒதுக்கியது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வென்டெல் ஹோம்ஸுக்கு ஆண்டுதோறும் உதவியாளரை அனுப்பும் பொறுப்பையும் ஜான் கிரேயே ஏற்றிருந்தார். 1915இல் அவர் இறந்த பின் அப்பொறுப்பு ஹார்வர்ட் பேராசிரியர் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரின் கைக்கு வந்தது. ஹோரஸ் கிரேயிடம் மாசசூசெட்ஸில் உதவியாளராக இருந்து 1916இல் தாமே உச்ச நீதிமன்ற நீதிபதியான லூயி பிராண்டைஸும் ஃபிராங்க்ஃபர்ட்டர் அனுப்பியவர்களையே அமர்த்திக்கொண்டார். தேர்வு, நேர்காணல், விளம்பரம் ஏதுமின்றி, ஒரு பேராசிரியரின் மதிப்பீடு ஒன்றையே நம்பி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் சேர்ந்த காலம் அது. அம்முறை திறமையாளர்களைக் கண்டெடுத்தது உண்மை. யூதரான பிராண்டைஸே அதற்குச் சான்று. ஆனால் கண்டெடுப்பவரின் கண்ணில் படும் தூரத்துக்குள் இருந்தவர்களை மட்டுமே அது கண்டெடுத்தது.

அந்தத் தூரம் எவ்வாறு விரிந்தது, எங்கே நின்றது என்பதற்கு ஃபிராங்க்ஃபர்ட்டரின் வாழ்க்கையே போதிய விளக்கம். வியன்னாவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்கில் வந்திறங்கி, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்று முன்னேறிய யூதர் அவர். 1939இல் உச்ச நீதிமன்ற நீதிபதியான அவர், ஹார்வர்டில் வகுப்பின் முதல் மாணவராகத் தேறியிருந்த வில்லியம் கோல்மன் என்ற கறுப்பின இளைஞரை 1948இல் தம் உதவியாளராக அமர்த்தினார். உச்ச நீதிமன்றத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் அப்பணிக்கு வந்தது அதுவே முதல்முறை. கோல்மன் பின்னர் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த பிரவுன் வழக்கின் வாதவுரையை எழுதிய குழுவில் பங்கேற்று, 1975இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறைச் செயலரானார். ஆயினும் உச்ச நீதிமன்றப் பணியை முடித்து வெளிவந்த காலத்தில் சொந்த ஊரான பிலடெல்ஃபியாவின் சட்ட நிறுவனங்கள் அவருக்குக் கதவைத் திறக்காததால், நியூயார்க் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இப்பணி தரும் மதிப்பை நிறத்தின் மேலிருந்த வெறுப்பு அக்காலத்தில் எவ்வளவு எளிதாக விழுங்கியது என்பதை இது காட்டும். அவருக்குப் பின் அடுத்த கறுப்பின உதவியாளரான டைரோன் பிரவுன் 1967இல்தான் ஏர்ல் வாரனின் அறைக்கு வந்தார். முதல் கறுப்பினப் பெண்ணான கேரன் ஹேஸ்டி வில்லியம்ஸ் 1974இல் தர்குட் மார்ஷலின் அறையில் அமர்ந்தார்.

கோல்மனை ஏற்ற அதே ஃபிராங்க்ஃபர்ட்டர், 1960இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை ஏற்கவில்லை. கொலம்பியா சட்டக் கல்லூரியில் வகுப்பின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அவருக்காக ஹார்வர்ட் பேராசிரியர் ஆல்பர்ட் சாக்ஸ் பரிந்துரைத்தும், பெண்ணொருவரை அறையில் வைத்துக்கொள்ள நீதிபதியின் மனம் இசையவில்லை. அதற்கு முன்பே நியூயார்க்கின் மாவட்ட நீதிபதி எட்மண்ட் பால்மியேரியும், சிறு குழந்தையுள்ள தாய் இரவு நெடுநேரம் பணிபுரிய இயலுமா என்று தயங்கியவரே. அவரை இணங்க வைத்தவர் கொலம்பியாப் பேராசிரியர் ஜெரல்ட் குந்தர். கின்ஸ்பர்க்கை மறுத்தால் இனி எந்த மாணவரையும் தாம் பரிந்துரைக்கப் போவதில்லை என்று எச்சரித்ததோடு, அவர் சரிவரவில்லையெனில் மாற்றாக வேறொருவரை அனுப்புவதாகவும் குந்தர் உறுதியளித்தார். ஒரே மாணவர், ஒரே மதிப்பெண். ஓரிடத்தில் மென்மையான கடிதம் பயன்படவில்லை, மற்றோரிடத்தில் அச்சுறுத்தலுக்கு நிகரான வாதாட்டம் பயன்பட்டது. பரிந்துரைக் கடிதத்தை மாணவரின் தகுதிக்கான சான்றிதழாக மட்டும் காண்போர் இந்நிகழ்விலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் உதவியாளரான லூசில் லோமன் 1944இல் வில்லியம் டக்ளஸிடம் வந்ததும், ஆண் மாணவர்கள் போருக்குச் சென்றிருந்த வெற்றிடத்தில்தான். போர் முடிந்ததும் கதவு மூடிக்கொள்ள, அடுத்த பெண் வர 1966 வரை 22 ஆண்டுகள் ஆயின.

அண்மைக் கால நிலையை இரு கணக்கெடுப்புகள் வெளிப்படுத்தின. இரண்டையும் செய்தவர்கள் இதழாளர்கள், நீதிமன்றம் அன்று. 1998இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழில் டோனி மவுரோ வெளியிட்ட ஆய்வு, அன்றைய ஒன்பது நீதிபதிகள் அதுவரை அமர்த்திய 394 உதவியாளர்களுள் கறுப்பினத்தவர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு, லத்தீன் அமெரிக்க வழியினர் ஏறத்தாழ 1 விழுக்காடு, பெண்கள் நால்வரில் ஒருவர் என்று கண்டது. அவ்வாண்டு அக்டோபரில் நீதிமன்ற வாயிலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் க்வேசி ம்ஃபூமே கைதானார். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், 2017இல் நேஷனல் லா ஜர்னல் வெளியிட்ட கணக்கு, 2005 முதல் அமர்த்தப்பட்ட 487 பேரில் 85 விழுக்காட்டினர் வெள்ளையர், கறுப்பினத்தவர் 20 பேர், லத்தீன் அமெரிக்க வழியினர் 9 பேர், ஏறத்தாழப் பாதிப்பேர் ஹார்வர்ட், யேல் என்ற இரண்டே கல்லூரிகளில் படித்தவர்கள் என்று காட்டியது. பூர்வகுடி இனக்குழு ஒன்றின் குடிமகளாக அறியப்பட்ட முதல் உதவியாளர், சிக்கசா இனக்குழுவின் டோபி யங், கோர்சச்சின் அறைக்கு வந்தது 2018இல்தான்.

ஆசிய அமெரிக்கரின் நிலை சற்று வேறானது. முதல் முப்பது சட்டக் கல்லூரிகளின் மாணவரில் ஏறத்தாழ 10 விழுக்காடாக உள்ள அவர்கள், கூட்டாட்சி நீதிமன்றங்களின் உதவியாளருள் 6.5 விழுக்காடே என்று 2017இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று கூறியது. கல்லூரிக்குள் நுழைந்த பின்னரும் ஒரு படி வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைப்பது அரிது. திருநெல்வேலி மாவட்டத்தில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ ஸ்ரீனிவாசன், நீதிபதிகள் வில்கின்சனிடமும் சாண்ட்ரா டே ஓ’கானரிடமும் உதவியாளராக இருந்து, 2013இல் வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் 2020இல் அதன் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்ததைத் தமிழர் பெருமையுடன் குறிப்பிடுவதுண்டு. அவர் கான்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரின் மகன் என்பதையும் உடன் குறிப்பிடுவது நேர்மையாகும். போதிய இடம் பெறாதோர் என்ற தொகுப்புப் பெயருக்குள் பேராசிரியர் வீட்டுப் பிள்ளையும், சட்டக் கல்லூரி என்றால் என்னவென்று வீட்டில் எவரும் அறியாத பிள்ளையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர்.

படி எங்கே வழுக்குகிறது என்பதைக் காண, விண்ணப்பம் நடக்கும் முறையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சட்டம் இளங்கலைப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு பயிலும் படிப்பு. முதலாண்டுத் தேர்வுகளில் பெரும்பாலும் பருவ இறுதியில் ஒரே தாள். வகுப்பிலுள்ள பிறரோடு ஒப்பிட்டே மதிப்பெண் வழங்கப்படும். அம்மதிப்பெண்ணும், மாணவர்களே நடத்தும் சட்ட ஆய்விதழில் இடம்பெறுவதும், பேராசிரியரின் அறிமுகமும் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. இரண்டாம் ஆண்டு முடியும் ஜூன் மாதத்துக்கு முன் விண்ணப்பங்களைப் பெறலாகாது என்று 2018இல் மீண்டும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2003 முதல் பத்தாண்டுகள் இருந்து சிதைந்த பழைய திட்டத்தின் வழித்தோன்றல் அது. ஆனால் அதைப் பின்பற்றுவது நீதிபதியின் விருப்பம் என்பதால், முதலாண்டு மதிப்பெண் வந்த சில வாரங்களிலேயே இரண்டாண்டு கழித்துத் தொடங்கும் பணிக்கு ஆளை உறுதிசெய்யும் நீதிபதிகளும் இருக்கின்றனர். வழக்கறிஞர் குடும்பத்து மாணவர் கல்லூரியில் சேரும் முன்பே இந்த நாட்காட்டியை அறிந்திருக்கிறார். முதல் தலைமுறை மாணவர் அதை இரண்டாம் ஆண்டின் நடுவில் சக மாணவர் சொல்லக் கேட்கும்போது, இடங்களில் ஒரு பகுதி நிரம்பியிருக்கும். கூட்டாட்சி நீதிமன்றங்களின் ‘ஆஸ்கர்’ என்னும் இணையவழி விண்ணப்ப முறை, எந்த நீதிபதி எப்போது ஆள் எடுக்கிறார் என்பதைப் பொதுவில் வைத்ததால் இக்குறையைப் பெரிதும் குறைத்தது எனலாம். அதனால் குறைக்க முடியாதது பரிந்துரைக் கடிதம்.

தற்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், பத்துப் பதினைந்து பக்க எழுத்து மாதிரி, இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் என்பதே விண்ணப்பக் கட்டு. நூற்றுக்கணக்கில் குவியும் கட்டுகளை முதலில் பிரித்துப் பார்ப்பவர் நீதிபதியின் நடப்பு உதவியாளர். உயர்ந்த மதிப்பெண்கள் ஒன்றுபோலவே தோன்றும் அக்குவியலில், இம்மாணவரின் எழுத்தை நேரில் அறிந்த பேராசிரியர் எழுதிய கடிதமும், அதைவிட அவர் நீதிபதிக்கு நேரில் விடுக்கும் தொலைபேசி அழைப்புமே ஒன்றை மேலே எடுத்து வைக்கின்றன. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குச் சென்று பேசுவதும், அவருடைய ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்வதும் சிலருக்கு இயல்பாக வருகின்றன. ஐயம் கேட்டு ஆசிரியரின் நேரத்தை எடுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்க்கும், மாலை வேளைகளில் வேலைக்குச் செல்ல வேண்டியவர்க்கும் அவை எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே முதலாண்டின் முதல் பருவத்திலேயே குறைந்தது இரண்டு ஆசிரியர்களிடம் தம் எழுத்தைக் காட்டித் திருத்தம் பெறும் உறவை அமைத்துக்கொள்ளும்படி வழிகாட்டிகள் கூறுவது, மதிப்பெண்ணை உயர்த்தச் சொல்லும் வழக்கமான அறிவுரையைவிடப் பயனுடையது.

பணத்தின் தடையும் உண்டு. பெரும் சட்ட நிறுவனங்களின் தொடக்க ஊதியத்தில் பாதிக்கும் குறைவாகவே கூட்டாட்சி உதவியாளரின் ஊதியம் அமைகிறது. ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் கல்விக் கடனுடன் வெளிவரும் மாணவர்க்கு அவ்வோராண்டே பெரிய தியாகம். பணி முடித்து வருவோர்க்கு நிறுவனங்கள் தரும் சேர்க்கைத் தொகை, அதுவும் உச்ச நீதிமன்ற உதவியாளர்க்கு 4 லட்சம் டாலரைத் தாண்டி வழங்கப்படும் தொகை, இழப்பை ஈடுகட்டும் என்றாலும், அப்படியொரு தொகை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அரசுப் பணியில் பத்தாண்டு தவணை செலுத்தியோரின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் 2007ஆம் ஆண்டுத் திட்டத்தில் இப்பணிக்காலமும் கணக்கில் சேரும். குடியுரிமை பெறாதோர்க்கு நிலை இன்னும் கடினம்: அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் கூட்டாட்சி நிதியிலிருந்து ஊதியம் பெறும் பணிகளுக்கான சட்டத் தடை, மாணவர் விசாவில் வந்தோரைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகிறது, மாநில நீதிமன்றங்களில் இவ்விதி இடத்துக்கு இடம் மாறுபடும்.

நீதிபதிகளின் பக்கத்தை உள்ளிருந்து காட்டிய ஆய்வு, ஜெரமி ஃபோகல், மேரி ஹூப்ஸ், குட்வின் லியூ மூவரும் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐம்பதின்மரை நேர்கண்டு, 2023இல் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் வெளியிட்டது. ஃபோகல் முன்னாள் கூட்டாட்சி நீதிபதி, லியூ கலிஃபோர்னிய உச்ச நீதிமன்ற நீதிபதி என்பதால் நேர்காணப்பட்ட நீதிபதிகள் பிறரிடம் சொல்லாதவற்றை அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடும். உதவியாளரைத் தனித்தனியே எடைபோடாமல் ஒருவருக்கொருவர் துணையாகும் குழுவாகச் சேர்ப்பதாகப் பலர் கூறினர். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர்கள் நியமித்த நீதிபதிகள் பொருளாதாரப் பின்னணியின் வேறுபாட்டுக்கு மற்றவர்களைவிட அதிக மதிப்பளித்தனர். முதல் இருபது கல்லூரிகளுக்கு வெளியே படித்த நீதிபதிகளே அத்தகைய கல்லூரிகளிலிருந்து ஆள் எடுப்பதில் முன்நின்றனர். ஆய்வின் கனமான கண்டுபிடிப்பு வேறு: பணியிலுள்ள மேல்முறையீட்டு நீதிபதிகளில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான கறுப்பின நீதிபதிகளே, அந்நீதிமன்றங்களில் ஆண்டுதோறும் சேரும் கறுப்பின உதவியாளரில் பாதிக்கு மேற்பட்டோரை அமர்த்துகின்றனர். தகுதியுள்ளோர் கிடைப்பதில்லை என்று பிற நீதிபதிகள் கூறும் அதே மாணவர் கூட்டத்திலிருந்துதான் இவர்கள் ஆள் எடுக்கின்றனர். ஆகவே விண்ணப்பதாரர் பற்றாக்குறை என்ற விளக்கம், நிற்கக் கூடியதாயினும், பாதி வழி மட்டுமே வரும்.

தேடிச் செல்லும் நீதிபதி என்ன செய்ய இயலும் என்பதற்கு, டெட்ராய்டில் 1977 முதல் 2019இல் இறக்கும்வரை ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த டாமன் கீத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. கறுப்பினத்தவர்க்காக நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1949இல் சட்டம் முடித்த அவர், வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே நாளிதழ் அலுவலகம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்தவர். பின்னாளில் ஹார்வர்ட் பேராசிரியரான லானி குனியர், மிச்சிகன் ஆளுநரான ஜெனிஃபர் கிரான்ஹோம், அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே நீதிபதியான எரிக் கிளே ஆகியோர் அவருடைய அறையிலிருந்து புறப்பட்டவர்கள். கிரே தொடங்கிவைத்த அதே நல்வாக்கு முறையைத்தான் கீத்தும் கையாண்டார். அவருடைய அறைக்குள் வந்தோர் அடுத்தவர்க்குச் சாட்சி சொல்லத் தொடங்கியதால் அம்முறையின் திசை மாறியது.

நீதிபதியைத் தேடிச் செல்ல வேண்டிய மாணவர்க்கு, பெருநகரங்களையும் புகழ்பெற்ற அறைகளையும் தாண்டிய பரந்த பட்டியலே உதவும். மாநில நீதிமன்றங்கள், திவால் வழக்கு நீதிமன்றங்கள், மாவட்ட நீதிபதிக்குத் துணையாகப் பணியாற்றும் மாஜிஸ்திரேட் நீதிபதிகள், வரி நீதிமன்றம் ஆகியவற்றில் போட்டி குறைவு. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் விசாரணை நீதிபதிகளுக்கும் ஆண்டுதோறும் உதவியாளர் சேர்வதால் அங்கே தொடங்கிக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு நகர்வது நன்கு பழகிய வழி. சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு வருவோரை விரும்பும் நீதிபதிகள் பெருகிவருவதால், முதலாண்டு மதிப்பெண்ணில் சறுக்கியவர்க்கும் இரண்டாம் வாய்ப்பு உண்டு. நிறுவன முயற்சிகளில், மாணவரை நீதிபதிகளின் அறைகளில் கோடைக்காலப் பயிற்சிக்கு அமர்த்தும் ‘ஜஸ்ட் த பிகினிங்’ அமைப்பும், மேல்முறையீட்டுத் துறையில் வெள்ளையரல்லாத மாணவர்க்கு வழிகாட்ட 2019இல் தொடங்கிய ‘தி அப்பலேட் பிராஜெக்ட்’டும் குறிப்பிடத்தக்கவை. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவது செல்லாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் தீர்ப்பளித்த பின், இத்தகைய திட்டங்களின் தகுதி வரையறைகளும் சட்ட எதிர்ப்புக்கு உள்ளாகியுள்ளன. முதல் தலைமுறை, வருவாய், கல்லூரி போன்ற அளவுகோல்களை நோக்கி அவை நகரக் கூடும். அத்தகைய அளவுகோல் கான்சாஸ் பேராசிரியர் மகனின் நிலையையும் துப்புரவுப் பணி செய்த கீத்தின் நிலையையும் வேறுபடுத்திக் காட்டும். கோல்மன் பிலடெல்ஃபியாவில் சந்தித்த வகைத் தடையைக் காட்டாது.

இப்பணியைப் பொன்வாயிலாக மட்டுமே வருணிப்பதும் மாணவர்க்குச் செய்யும் உதவி ஆகாது. நீதிபதி அழைப்பு விடுத்தால் அப்போதே ஏற்க வேண்டும், மறுப்பது அவமதிப்பு என்ற எழுதாத மரபு நிலவுவதால், எந்த அறை எப்படிப்பட்டது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்தாக வேண்டும். ஒரே மேலதிகாரி, சிறிய அறை, வாழ்நாள் முழுதும் தேவைப்படும் பரிந்துரை என்ற மூன்றும் சேரும் இடத்தில் அத்துமீறலை எதிர்த்துப் பேசுவது கடினம். உச்ச நீதிமன்றத்துக்குப் பல உதவியாளரை அனுப்பிய ஒன்பதாம் வட்டார நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி, முன்னாள் உதவியாளர் உள்ளிட்ட பெண்களின் பாலியல் முறைகேட்டுப் புகார்களை அடுத்து 2017 டிசம்பரில் பதவி விலகினார். பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி கூட்டாட்சி நீதிமன்ற ஊழியர்க்குப் பொருந்தாது. அதற்கு இணையான பாதுகாப்பை வழங்க 2021இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை, நீதித்துறையின் உள்முறையீட்டு வழி மட்டுமே அவர்களுக்கு உண்டு. எந்த நீதிபதியைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை, முன்னாள் உதவியாளரிடமிருந்து அவர்தம் கல்லூரி மாணவர்க்குக் காதோடு காதாகச் செல்கிறது. அதாவது பரிந்துரை செல்லும் அதே பாதையில். அப்பாதைக்கு வெளியே நிற்கும் மாணவர்க்கு நல்வாக்கும் கிடைப்பதில்லை, எச்சரிக்கையும் எட்டுவதில்லை. முன்னாள் உதவியாளர் தம் பெயரை வெளியிடாமல் தாம் பணிபுரிந்த அறையைப் பற்றி எழுதும் தரவுத்தளம் ஒன்றை, 2022இல் தொடங்கிய ‘லீகல் அக்கவுண்டபிலிட்டி பிராஜெக்ட்’ என்ற அமைப்பு 2024இல் மாணவர்க்குத் திறந்தது. எந்தக் கல்லூரியில் படிக்கிறார், எந்தப் பேராசிரியரை அறிவார் என்று கேளாமல் அது அவர்களை உள்ளே விடுகிறது.